விபத்தில் தப்பிய விமானத் தபால்: பழைய உறையைப் படிப்பது எப்படி

அஞ்சல்தலை உதிர்ந்து, ஓரம் பழுப்பேறிய 1930களின் உறை ஒன்று. முன்பக்கம் ஊதா மையில், விமான விபத்திலிருந்து மீட்கப்பட்டது என்று அறிவிக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வாசகம். ‘கிராஷ் கவர்’ என்று சொல்லி சாதாரண உறையைப் போலப் பல மடங்கு விலை கேட்பார்கள். அந்த ஊதா வாசகத்தைக் கடைசியில் பாருங்கள். உறையிலேயே மிக எளிதாகப் போலி செய்யக்கூடியது அதுதான். தேதி, திசை, சேதம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதே முதல் கேள்வி.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், மில்லிமீட்டர் அளவுகோல், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சாய்த்துப் பிடிக்க ஒரு மேசை விளக்கு, ஸ்கேனர். இவை போதும். முதல் வேலையாக முன்னும் பின்னும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுங்கள். ரப்பர் போட்டு அழுக்கைத் தேய்ப்பது, ஒட்டிய மடிப்பைப் பிரிப்பது, சுருக்கம் போக இஸ்திரி போடுவது எல்லாம் கூடாது. தபால் துறை கிழிந்த கடிதத்தைப் போட்டு அனுப்பிய வெளி உறையோ, அச்சடித்த விளக்கச் சீட்டோ, ‘திறந்த நிலையில் கிடைத்தது’ என்கிற ஒட்டுத்தாளோ கூட இருந்தால் பிரிக்காமல் ஒன்றாகவே வையுங்கள். சேகரிப்பாளர்கள் ‘ஆம்புலன்ஸ் கவர்’ என்று சொல்லும் அந்த வெளி உறையைக் குப்பை என்று எறிந்தவர்கள் பாதி ஆதாரத்தை எறிந்தவர்கள்.

தேதியும் திசையும்

அனுப்பிய ஊர் முத்திரை, பின்பக்கத்து வழி முத்திரை, சேர்ந்த ஊர் முத்திரை மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பிறகு அந்த ஆண்டில் தபால் எந்த வழியில் போனது என்று பாருங்கள். பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் லண்டன்–கராச்சி சேவை 1929 மார்ச் 30 அன்று தொடங்கியது. பயணம் ஏழு நாள். முழுக்க வானில் அல்ல, நடுவே ரயிலும் உண்டு. சென்னைக் கடிதம் என்றால் இன்னொரு கணக்கு சேரும். 1932 அக்டோபர் 15க்கு முன் அது கராச்சி வரை ரயிலில் போயாக வேண்டும். அன்றுதான் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஒரு புஸ் மாத் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். ஆகவே 1929ஆம் ஆண்டுச் சென்னை முத்திரைக்கும் விமானம் புறப்பட்ட தேதிக்கும் நடுவே சில நாள் இடைவெளி இருக்கத்தான் வேண்டும். இடைவெளியே இல்லாத உறையைச் சந்தேகியுங்கள்.

திசையில்தான் விற்பவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். 1935 டிசம்பர் 31 இரவு ‘சிட்டி ஆஃப் கார்ட்டூம்’ என்ற ஷார்ட் கல்கத்தா ரகக் கடல் விமானம் அலெக்சாண்டிரியா துறைமுகத்தை நெருங்கும்போது, எரிபொருள் தீர்ந்து மூன்று எஞ்சின்களும் நின்று கடலில் விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். தப்பியவர் விமானி மட்டும். பல மணி நேரம் கழித்து ஒரு போர்க்கப்பல் அவரை மீட்டது. அந்த விமானம் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்படியானால் அதிலிருந்த தபால் இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தது. பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போன கடிதத்தைக் ‘கார்ட்டூம் கவர்’ என்று யாராவது நீட்டினால் முத்திரையைப் பார்க்கும் வேலைகூட இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். டிசம்பர் 30 லண்டன் முத்திரையும் ஆகாது. பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம் வரை ரயிலில் போய்ப் பிறகு விமானம் ஏறிய தபால், அடுத்த நாள் இரவு எகிப்துக் கரைக்கு வந்திருக்க முடியாது.

1929 அக்டோபர் 26 அன்று விழுந்த ‘சிட்டி ஆஃப் ரோம்’ இதற்கு நேர்மாறு. இத்தாலியில் நேப்பிள்ஸிலிருந்து ஜெனோவாவுக்கு, அதாவது மேற்கே போய்க்கொண்டிருந்தது. புயற்காற்றில் ஸ்பெட்சியாவுக்கு அப்பால் கடலில் இறங்க நேர்ந்தது. இழுத்துக் கரைசேர்க்க முயன்றபோது கயிறு அறுந்து, இரவோடு இரவாக ஏழு பேருடன் மூழ்கியது. இந்தியாவிலிருந்து போன கடிதமே இதற்குப் பொருந்தும், அதுவும் அந்தத் தேதிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு கராச்சியை விட்டது.

நீர் பட்ட உறை

நீரில் ஊறினால் அஞ்சல்தலையின் பசை கரைந்து தலை உதிர்ந்துவிடும். தலை இருந்த இடத்தை விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். சுற்றியுள்ள தாளைவிடச் சற்று வெளிறிய செவ்வகம் தெரியும். வட்ட முத்திரையின் ஒரு பாதி உறைமேல் இருக்கும், செவ்வகத்தின் விளிம்பு வந்ததும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுபோகும். மறுபாதி உதிர்ந்த தலையோடு போயிருக்கும். அளவுகோலால் அளந்து, அந்தக் காலத்துத் தலையின் அளவோடு ஒப்பிடுங்கள். முத்திரை செவ்வகத்துக்குள்ளும் நீண்டால், தலை இல்லாத உறைமீது பிறகு குத்தியது என்று பொருள்.

மை இன்னொரு சாட்சி. முத்திரைக் கறுப்பு மை எண்ணெய் கலந்தது, நீரில் அவ்வளவாகக் கரையாது. பேனா மை பரவும். காப்பியிங் பென்சில் எழுத்து ஊதாவாக மாறித் தாளுக்குள் இறங்கும். மீட்பு அறிவிப்பு முத்திரையோ உறை கடலிலிருந்து எடுத்து உலர்த்திய பிறகு குத்தப்பட்டது. அதனால் அதன் மை கறையின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், கறையோடு சேர்ந்து பரவியிருக்கக் கூடாது. முகவரியும் அறிவிப்பும் ஒரே நீர்க்கோட்டில் ஒரே மாதிரி கலங்கியிருந்தால், முதலில் ஸ்டாம்ப் குத்திவிட்டு அப்புறம் வாளியில் முக்கியிருக்கிறார்கள். வீட்டுக் கூரை ஒழுகியும் அறிவிப்பு மை கலங்கலாம். ஆனால் அந்தக் கறைக்குத் தனி விளிம்பு இருக்கும்.

கடல்நீர் பட்ட தாளில் உப்பு தங்கும். மழைக்காலத்தில் தொட்டால் பக்கத்து உறைகளைவிடப் பிசுபிசுப்பாக இருக்கும். லூப்பில் மடிப்புகளுக்குள் மினுக்கும் துகள் தெரியலாம். ஆற்றுநீர் வேறு. 1939 ஜூன் 12 அன்று ‘செஞ்சூரியன்’ என்ற எம்பயர் ரகக் கடல் விமானம் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் இறங்கும்போது கவிழ்ந்தது. அப்படிப்பட்ட தபாலில் உப்பைத் தேடிப் பயனில்லை, தேட வேண்டியது வண்டல். அந்தக் காலத்து உறையில் ‘ஏர் மெயில்’ நீல ஒட்டுத்தாள் இல்லையே என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1938 பிப்ரவரியில் இந்தியா வரை விரிந்த எம்பயர் ஏர் மெயில் திட்டத்தில் சாதாரணக் கடிதமே கூடுதல் கட்டணம் இல்லாமல் விமானத்தில் போனது.

தீயும், பனியும்

தீயில் சிக்கிய பையில் கடிதங்கள் கட்டுக்கட்டாக நெருக்கியிருக்கும். காற்று உள்ளே புகாததால் கட்டின் நடுப்பகுதி தப்பும். ஓரமும் மூலையும் வெளியிலிருந்து உள்நோக்கிக் கருகும். உள்ளே இருந்த கடிதத்தாளும் உறையும் அதே வளைவில் கருகியிருக்க வேண்டும். உறை மட்டும் கருகி உள்தாள் முழுசாக இருந்தால், நடுவே வட்டமாகப் பழுப்பு இருந்தால், மெழுகுவர்த்தி வேலை. 1934 டிசம்பர் 20 அன்று ஈராக்கின் ருத்பா அருகே பாலைவனத்தில் டச்சு விமான நிறுவனம் கே.எல்.எம்.மின் ‘உய்வர்’ என்ற டிசி-2 விமானம் விழுந்து எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஏற்றிவந்தது பட்டாவியாவுக்கான (இன்றைய ஜகார்த்தா) கிறிஸ்துமஸ் தபால். ஆகவே டச்சு முத்திரையும் கிழக்கிந்தியத் தீவுகளின் முகவரியும் எதிர்பார்க்கலாம்.

பனி இன்னும் விசித்திரம். 1950 நவம்பர் 3 அன்று மோண்ட் பிளாங்க் மலையில் மோதிய ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானத்தின் தபால் பை ஒன்று 1978இல் பொசோன் பனியாற்றில் கிடைத்தது. இப்படிப்பட்ட உறையில் அனுப்பிய தேதிக்கும் கிடைத்த தேதிக்கும் நடுவே 28 ஆண்டு இருப்பது குறையே அல்ல.

சேதமே இல்லாத விபத்து உறை

கிழியாத, கறைபடாத உறையும் விபத்துத் தபாலாக இருக்கலாம். 1931 ஏப்ரல் 19 அன்று, இங்கிலாந்து–ஆஸ்திரேலியா சோதனைத் தபாலோடு வந்த ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’ தீமோரில் கூப்பாங் அருகே எரிபொருள் குறைந்து தரையில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் ‘சதர்ன் கிராஸ்’ விமானத்தில் போய் அந்தத் தபாலை எடுத்து டார்வினுக்குக் கொண்டுவந்தார். இதை அடையாளம் காண 1931 ஏப்ரல் தொடக்கத்து லண்டன் முத்திரையும் தாமதமான ஆஸ்திரேலிய முத்திரையும்தான் வழி.

அமெரிக்காவில் 1926 செப்டம்பர் 16 இரவு தபால் விமானி லிண்ட்பெர்க் இலினாய் மாநிலத்தின் மேலே பாராசூட்டில் குதித்தார். 110 கேலன் டாங்கியைக் கழற்றி 85 கேலன் டாங்கி மாட்டியிருந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. குதித்த பிறகு விமானத்தின் மூக்கு தாழ, அடியில் மிச்சமிருந்த பெட்ரோல் கார்பரேட்டருக்குள் வழிந்து எஞ்சின் மறுபடி உயிர்பெற்று, ஆளில்லா விமானம் அவரையே சுற்றிச்சுற்றி வந்தது. பெட்ரோல் இல்லாததால் மோதிய பிறகும் எரியவில்லை. தபால் ரயிலேறிச் சிகாகோவுக்குப் போனது.

வாசகமும் ஆவணமும்

இப்போது அறிவிப்பு முத்திரைக்கு வரலாம். அமெரிக்கத் தபால் துறை ‘விபத்து’ என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘ஏர் மெயில் இன்டரப்ஷன்’ என்று எழுதும்; பிரெஞ்சு, டச்சு முத்திரைகள் விபத்து என்றே சொல்லும். எழுத்துருவையும் வரிநீளத்தையும் ஏலப் பட்டியல்களில் உள்ள சரியான மாதிரியோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள். புற ஊதா டார்ச்சில் உறைத்தாள் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது வெண்மையூட்டி சேர்த்த பிற்காலத் தாள், 1930களுக்குப் பொருந்தாது.

செய்தித்தாள் தேட ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ், டச்சுக்கு டெல்ஃபர், பிரெஞ்சுக்கு கல்லிக்கா மூன்றும் இலவசம். விபத்து நாளிலிருந்து பத்து நாள் வரை தேடுங்கள். எத்தனை பை மீண்டது என்கிற செய்தி முதல் நாள் வராது, பிறகே வரும். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் தப்பாகப் படிப்பதால் விமானப் பெயரோடு ஊர்ப் பெயரையும் தனித்தனியே தேடுங்கள். பிரிட்டிஷ் விமானமானால் பதிவெண்ணைப் பிரிட்டிஷ் விமானத்துறையின் ஜி-இன்ஃபோ தளத்தில் போட்டால் பழைய பதிவேட்டுப் பக்கத்தின் படமே கிடைக்கும்.

உறையைப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைக்குள் வையுங்கள். பிவிசி காலப்போக்கில் பிசுபிசுத்து மையை இழுத்துவிடும். லேமினேஷன், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். உப்பு ஏறிய தாளுக்குச் சென்னைக் காற்று ஆகாது: மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறும்போது மாற்றுங்கள். உப்பைக் கழுவிவிடலாமே என்று மட்டும் தோன்றவே கூடாது. வெளிறிய செவ்வகமும் நீர்க்கோடும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.