பிளஸ் டூ முடியும்வரை ஆட்டத்தை விடாமல் காலேஜ் டீம் வரை போவது எப்படி

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு நல்ல காலேஜில் சேர்ந்து அங்கே டீமில் ஆட வேண்டும் என்ற ஆசையோடு பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வாலிபால் ஆடுகிறவர்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள், ஆனால் கபடியோ தடகளமோ ஆடினாலும் முக்கால்வாசி பொருந்தும்.

ஆர்வம் குறைகிறதே, நமக்கு இதெல்லாம் சரிப்படாதோ என்று பயப்படாதே. எல்லோருக்கும் குறையும். எப்போது குறையும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். குறுவட்டப் போட்டியில் பள்ளி டீம் தோற்றுப் போன வாரம், கூட ஆடினவன் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகி நீ ஆகாத சமயம், எல்லாவற்றையும் விட மோசமாக, மீட் எல்லாம் முடிந்து மார்ச் பொதுத்தேர்வு வரைக்கும் ஆட ஒரு போட்டியும் இல்லாமல், ஷூவை எடுத்தாலே வீட்டில் திட்டு விழுகிற அந்த மாதங்கள். இந்தக் கடைசிக் காலத்தில்தான் நல்ல நல்ல பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள், அதைப் பார்க்க மனசு கேட்காது. அதனால் அந்த மாதங்களுக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்.

முதல் ஏற்பாடு, எங்கே எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. வாலிபால் டீம் விளையாட்டு, நீ எவ்வளவு அடித்தாலும் டீம் குறுவட்டத்தில் தோற்றால் மாவட்டத்துக்குப் போக முடியாது, மாவட்ட, மாநில அளவு சர்டிபிகேட்டும் கிடைக்காது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன, அங்கே சர்டிபிகேட்டை வைத்துத்தான் வரிசை. ஆனால் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் உடற்கல்வி இயக்குநர், நாம் பி.டி. சார் என்று சொல்கிறவர், ட்ரையல்ஸ் வைத்து நேரில் பார்த்து எடுக்கிறார். சர்டிபிகேட் இல்லை, எல்லாம் போச்சு என்று டிசம்பரிலேயே உட்கார்ந்துவிடுகிற பையனுக்கு இது தெரிந்திருந்தால் அவன் உட்கார்ந்திருக்க மாட்டான்.

அதனால் உன் பள்ளி பி.இ.டி. சாரைக் கூட்டிக்கொண்டு, இரண்டு மூன்று கல்லூரி கிரவுண்டுக்கு சாயங்கால பிராக்டிஸ் நேரத்தில் போய்ப் பார். ட்ரையல்ஸ் எப்போது, சலுகை ஃபீஸுக்கு மட்டுமா இல்லை ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் சேர்த்தா என்று கேள். முக்கியமாக, மூன்றாம் வருடம் முடித்துப் போகிறவர்களில் கோர்ட்டில் எந்த இடத்தில் ஆடுகிறவர் இருக்கிறார் என்று கேள். அவர்களுடைய செட்டர், அதாவது அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர், இந்த வருடம் போகிறார், நீயும் செட்டர் என்றால் காலையில் நீ எழுந்து போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ‘காலேஜ்ல ஆடணும்’ என்பதை விட ‘அந்த டீமில் அந்த இடம்’ என்பது ஆளைப் பிடித்து இழுக்கும்.

அடுத்து, போட்டி இல்லாத மாதங்களில் நீ முன்னேறுகிறாய் என்பது உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, பள்ளிச் சுவர் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்து எம்பி, கை எட்டுகிற உயரத்தில் தொடு. தடம் விழும். தரையிலிருந்து டேப் வைத்து அளந்து தேதியோடு நோட்டில் எழுது. மாதம் ஒரு முறை போதும், தினமும் அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அப்புறம் சர்வீஸ்: எதிர்க் கோர்ட்டின் பின்மூலையில் ஒரு பழைய துண்டை விரித்துப் போட்டு, இருபது அடித்தால் எத்தனை அதன் பக்கத்தில் விழுகிறது என்று எண்ணு. இதற்கு டீம் வேண்டாம், ஒரு பந்தும் நெட்டும் இருந்தால் போதும். தோற்ற வாரத்தில் அந்த நோட்டைப் புரட்டினால், ஜூலையில் ஐந்து விழுந்தது இப்போது பதினொன்று விழுகிறது என்று இருக்கும். எந்த ஊக்கப் பேச்சும் அந்த வேலையைச் செய்யாது.

தேர்வு மாதங்களில் பிராக்டிஸை நிறுத்தாதே, சுருக்கு. வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம், உடம்பு விட்டுப்போகாமல் இருந்தால் சரி. படிப்பை அலட்சியப்படுத்தாதே, ஒரு பாடம் போனாலும் அந்த வருட அட்மிஷன் சிக்கலாகிவிடும். உன் வயசுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், ராத்திரி ரெண்டு மணி வரை முழித்துப் படித்துவிட்டு விடியற்காலை குதிக்கப் போனால் முட்டிதான் போகும். முட்டிக்குக் கீழே வலி வந்து நிற்கவில்லை என்றால் குதிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். வலிக்காத வேலையை மட்டும், சர்வீஸோ கைப்பயிற்சியோ, டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய். கிரவுண்டுக்கே போகாமல் வீட்டில் கிடந்தால் வலியை விட மனசுதான் சீக்கிரம் உடைகிறது.

வீட்டாரைச் சமாளிப்பது தனி வேலை, பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். மதுரைப் பக்கத்து ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணி பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தவரைக் கோச் கண்ணன் கவனித்து அழைத்தபோது பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசிச் சம்மதம் வாங்கினார், லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் கிடைக்க ஏற்பாடு செய்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார் ரேவதி. இதில் நான் கவனிப்பது, வீட்டில் பேசியது அவர் இல்லை, கோச். நீயும் தனியாகச் சண்டை போடாதே. உன் சாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல், ஃபீஸ் எவ்வளவு குறையும் என்று அவர் வாயால் அப்பாவிடம் சொல்லட்டும்.

ட்ரையல்ஸில் ஒரு இடத்தில் எடுக்கவில்லை என்றால் அடுத்த கல்லூரிக்குப் போ, ஒன்றை மட்டும் நம்பி இருக்காதே. எங்குமே கோட்டா கிடைக்காமல் சாதாரணமாகச் சேர்ந்தாலும், முதல் வாரமே கிரவுண்டுக்குப் போய் பி.டி. சாரிடம் பேர் கொடு. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடினால் அது மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் தகுதியாகக் கணக்கில் வரும்.

இன்றைக்கே செய்ய ஒரு சின்ன வேலை: இதுவரை வாங்கின சர்டிபிகேட்டையெல்லாம் எடுத்து, பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பது போலவே இருக்கிறதா, கையெழுத்தும் சீலும் விழுந்திருக்கிறதா என்று பார். தப்பு இருந்தால் போட்டி நடத்தினவர்களிடம் இப்போதே போய்த் திருத்தி வாங்கு, மே மாதம் ஓடினால் ஆளைப் பிடிக்க முடியாது.