கிரீன் பெல்ட்டில் வீடு: மக்கள் கருத்தைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் கிரீன் பெல்ட் நிலத்தில், அதாவது நகரங்களைச் சுற்றிக் கட்டடம் எழாமல் காக்கப்படும் வளையத்தில், புது வீடு கட்டலாமா என்ற பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் கருத்துக்கணிப்பு எண்ணை எடுத்துப் போடுவார். "மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள், அப்புறம் என்ன பேச்சு?" என்பார். எதிரில் இருப்பவர், "இல்லையே, பெரும்பான்மை மக்கள் வீடு வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள்" என்பார். இருவர் கையிலும் இருப்பது உண்மையான எண்ணாகவே இருக்கும். லண்டனின் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கே சம்பளத்தைக் கொட்டும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஹாரோவின் வடக்கு ஓரத்தில் கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் இந்த விவாதம் நேரடியாகத் தொடர்புள்ளது. ஆகவே அந்த எண்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக எண்ணுவது

அடிக்கடி நடப்பதும் அதிகக் குழப்பம் செய்வதும் இந்தத் தவறுதான். 2015-இல் கிராமப்புறப் பாதுகாப்புக்காகப் பிரசாரம் செய்யும் சி.பி.ஆர்.இ என்ற அமைப்புக்காக இப்சோஸ் மோரி நிறுவனம் ஒரு கணிப்பு நடத்தியது. இப்போதிருக்கும் கிரீன் பெல்ட் நிலத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும், அதில் கட்டக்கூடாது என்ற கூற்றை 64% பேர் ஏற்றார்கள். மறுத்தவர்கள் 17%. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2014-இல், பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு இன்னொரு கேள்வி கேட்டது: உங்கள் பகுதியில் இன்னும் வீடுகள் கட்டப்படுவதை ஆதரிப்பீர்களா? 56% பேர் ஆதரிப்போம் என்றார்கள். அதே கேள்விக்கு 2010-இல் ஆதரவு 28% மட்டுமே. நான்கே வருடத்தில் இரண்டு மடங்கு.

ஒரே நாட்டில் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்த இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை. முதல் கேள்வி ஒரு கொள்கையைப் பற்றியது. எந்த ஊர், எந்த வயல், எத்தனை வீடு, யாருக்கு வீடு என்று அதில் ஒன்றுமே இல்லை. பாதுகாப்பது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் ஆமாம் என்று சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது கேள்வி வீட்டைப் பற்றிப் பேசுகிறது, நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. வாடகையும் விலையும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள் என்ற கவலையோடு மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். வீடு வேண்டும், கிரீன் பெல்ட்டில் வேண்டாம் என்ற இரண்டு ஆசையும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எதை விடுவீர்கள் என்று கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அப்படிக் கேட்கும் கணிப்புகள் அரிது.

எனவே கணிப்பு முடிவைப் பார்த்தவுடன் அதன் கேள்வியைத் தேடிப் படியுங்கள். யார் பணம் கொடுத்துக் கேட்கச் சொன்னார்கள் என்பதையும் பாருங்கள். பாதுகாப்பு அமைப்பானாலும் கட்டுமான நிறுவனங்களின் சங்கமானாலும், தனக்குச் சாதகமான சொற்களில்தான் கேள்வியை எழுதச் சொல்லும். அதற்காக முடிவே பொய் என்று தள்ளிவிடவும் கூடாது.

எல்லோரும் ஒரே நிலத்தை நினைத்துப் பேசுகிறார்கள் என்று நம்புவது

கிரீன் பெல்ட் என்றதும் மனதில் வருவது புல்வெளி, பழைய மரங்கள், நடைபாதை. ஆனால் சட்டப்படி அது அழகுக்கோ உயிரினங்களுக்கோ கொடுக்கப்படும் பட்டம் கிடையாது. அவற்றுக்கு தேசியப் பூங்கா போன்ற வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. கிரீன் பெல்ட்டின் வேலை ஐந்து என்று தேசியத் திட்டமிடல் கொள்கை சொல்கிறது: பெரிய நகரங்கள் கட்டுக்கடங்காமல் பரவுவதைத் தடுப்பது, பக்கத்து ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் பார்ப்பது, நாட்டுப்புறத்துக்குள் கட்டடங்கள் நுழையாமல் காப்பது, வரலாற்று ஊர்களின் சூழலைப் பேணுவது, நகரத்துக்குள் கைவிடப்பட்ட நிலத்தை மறுபடி பயன்படுத்தத் தூண்டுவது. 1938-இல் லண்டனுக்காகத் தனிச்சட்டம் வந்தது. 1944-இல் நகரத் திட்ட வல்லுநர் ஆபர்குரோம்பியின் லண்டன் திட்டம் அந்த வளையத்தைப் பெரிதாக்கி வரைந்தது. 1955-இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் மற்ற நகரங்களும் இதைச் செய்யலாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார்.

தொன்றுதொட்டு மாறாமல் இருந்து, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும் நிலம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 1979-இல் இங்கிலாந்தின் கிரீன் பெல்ட் ஏறத்தாழ 7.2 இலட்சம் ஹெக்டேர். 1993-இல் அது 16.5 இலட்சம். இன்றும் 16 இலட்சத்துக்கு மேல்தான், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் கட்டடம், சாலை என்று மனிதர்கள் எழுப்பிய எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 9%தான் வரும். நாட்டில் பாதி ஏற்கெனவே கான்கிரீட் என்று நினைத்துக்கொண்டு கணிப்புக்குப் பதில் சொல்பவரின் பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு அடியில் இருக்கும் எண்ணிக்கைதான் தவறு.

நிலத்தை நேரில் பார்ப்பதைப் போல எதுவும் உதவாது. லண்டன் மூர்கேட்டிலிருந்து புறப்படும் உள்ளூர் ரயிலில் ஏறி, என்ஃபீல்டின் வடக்கு விளிம்பில் இருக்கும் குரூஸ் ஹில் நிலையத்தில் இறங்குங்கள். கேட்டில்கேட் சாலையின் இரு பக்கமும் செடி விற்கும் கடைகள், பழைய கண்ணாடிக் கொட்டகைகள், கார்கள் நிற்கும் முற்றங்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் குதிரை மேயும் வயல், கோல்ஃப் மைதானம், அதையும் தாண்டினால் வைட்வெப்ஸ் காடு. அத்தனையும் கிரீன் பெல்ட். குரூஸ் ஹில், சேஸ் பார்க் பகுதிகளில் 21,000 வீடுகள் வரை கொண்ட புதுநகரம் அமைக்கலாம் என்று 2025 செப்டம்பரில் அரசின் புதுநகரக் குழு பரிந்துரைத்தது. அங்கே வாழ்பவர்களிடம் "கிரீன் பெல்ட்டில் கட்டலாமா?" என்று கேட்டால், ஒருவர் கண்ணாடிக் கொட்டகையை நினைத்துச் சரி என்பார், இன்னொருவர் குதிரை வயலை நினைத்துக் கூடாது என்பார். இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் போட்டால் என்ன தெரியும்?

'கிரே பெல்ட்' என்றால் கார் நிறுத்துமிடம் என்று எடுத்துக்கொள்வது

இது கட்டலாம் என்பவர்களின் பக்கத்தில் நடக்கும் தவறு. 2024 தேர்தலுக்கு முன் தொழிற்கட்சித் தலைவர்கள், மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க்கையும் பாழடைந்த கார் நிறுத்துமிடத்தையும் காட்டி, இவற்றைக் 'கிரே பெல்ட்' என்று அழைத்து, இவற்றுக்கெல்லாம் என்ன பாதுகாப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் படத்தைப் பார்க்கும் யாரும் தலையாட்டுவார்கள். ஆனால் 2024 டிசம்பரில் வந்த தேசியத் திட்டமிடல் கொள்கையின் வரையறை அந்தப் படத்தைவிட மிகவும் அகலமானது. ஏற்கெனவே கட்டப்பட்ட நிலம் மட்டுமின்றி, மேலே சொன்ன ஐந்தில் மூன்று வேலைகளை, அதாவது நகரம் பரவாமல் தடுப்பது, ஊர்கள் ஒட்டாமல் காப்பது, வரலாற்று ஊரின் சூழலைப் பேணுவது ஆகியவற்றை வலுவாகச் செய்யாத எந்த நிலமும் கிரே பெல்ட் ஆகலாம். நாட்டுப்புறத்தைக் காப்பது அந்த மூன்றில் இல்லை. எனவே ஒரு செங்கல்கூடப் படாத சாதாரணக் கோதுமை வயலும் அதற்குள் வர முடியும்.

இது தெரியாமல் "கிரே பெல்ட்டுக்கு மக்கள் ஆதரவு" என்று எழுதினால், மக்கள் ஒன்றுக்குச் சம்மதித்ததை வேறொன்றுக்குச் சம்மதித்ததாகக் கணக்கு வைக்கிறோம். ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிரீன் பெல்ட் நிலங்களில் கட்டத்தான் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் பெட்ரோல் பங்க் படத்தைக் காட்டி வாங்கிய சம்மதத்தை வயலுக்குப் பயன்படுத்துவது நேர்மையில்லை. வயலில் கட்ட வேண்டும் என்றால் வயலைக் காட்டியே கேட்க வேண்டும்.

எதிர்ப்பவர் எல்லாரும் சுயநலக்காரர் என்று ஒதுக்குவது

சொந்த வீட்டுக்காரர்களைவிட வாடகையில் இருப்பவர்கள் புது வீடுகளை அதிகம் ஆதரிக்கிறார்கள் என்பது கணிப்புகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம். அதை வைத்து எதிர்ப்பையெல்லாம் வீட்டு விலைக் கவலை என்று முடித்துவிடுகிறார்கள். எதிர்ப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினால் வருவது வேறு: டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்லை, பள்ளியில் இடமில்லை, காலையில் ரவுண்டானாவைத் தாண்டவே கால் மணி நேரம் ஆகிறது. வீடு வரும், மற்றது வராது என்று அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே பணம். விவசாய நிலமாக ஹெக்டேருக்குச் சில பத்தாயிரம் பவுண்டு போகும் இடம், வீடு கட்ட அனுமதி கிடைத்தவுடன் பத்து இலட்சம் பவுண்டைத் தாண்டிவிடக்கூடும். நிலத்துக்காரர் அதற்காக ஒரு வேலையும் செய்திருக்க வேண்டியதில்லை. அந்த லாபத்தில் ஊருக்கு என்ன வந்தது என்று கேட்பவரைச் சுயநலக்காரர் என்று எப்படிச் சொல்வது? 2024 கொள்கையில் 'தங்க விதிகள்' சேர்க்கப்பட்டதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். கிரீன் பெல்ட்டிலிருந்து விடுவிக்கப்படும் நிலத்தில் பெரிய அளவில் கட்டுபவர்கள், அந்தப் பகுதியின் வழக்கமான அளவைவிட 15 சதவீதப் புள்ளி கூடுதலாக, 50% என்ற உச்சவரம்புக்குள், மலிவு வீடுகள் தர வேண்டும். தேவையான வசதிகளும் பொதுமக்களுக்கான பசுமை இடமும் தர வேண்டும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'மலிவு வாடகை' என்ற வகை சந்தை வாடகையில் 80% வரை போகலாம். ஈஸ்ட் ஹாமில் இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறையில் இருக்கும் குடும்பத்துக்கு அது எட்டாது, அதைவிட மிகக் குறைந்த சமூக வாடகைதான் எட்டும். மலிவு வீடு என்றால் கட்டலாம் என்று மக்கள் சொல்லும்போது அவர்கள் நினைத்திருப்பது பெரும்பாலும் இரண்டாவதை.

தேர்தலைக் கணிப்பாகப் படிப்பது

2021 ஜூனில் செஷாம் அமர்ஷாம் தொகுதி இடைத்தேர்தலில் பழமைவாதக் கட்சி 16,000-க்கும் மேற்பட்ட பெரும்பான்மையை இழந்து, லிபரல் டெமாக்ரட் கட்சியிடம் 8,028 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. கிரீன் பெல்ட் மீது கைவைத்தால் இதுதான் கதி என்று வெஸ்ட்மின்ஸ்டர் முழுக்கப் பேசினார்கள். திட்டமிடல் சட்டச் சீர்திருத்தம் கிடப்பில் போடப்பட்டது. ஆனால் அதே தொகுதிக்குள்தான் எச்.எஸ்.2 என்ற அதிவேக ரயில் பாதையின் தோண்டலும் நடந்துகொண்டிருந்தது. ஒரு தொகுதியின் கோபத்தை நாட்டின் கருத்தாக எடுத்துக்கொண்டார்கள். 2024-இல் கிரே பெல்ட்டில் கட்டுவோம் என்று வெளிப்படையாக எழுதிய தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றது. அதையும் மக்கள் கொடுத்த சம்மதம் என்று படிக்க முடியாது. வாக்குச் சதவீதம் 34-ஐ ஒட்டியே இருந்தது, வாக்களித்தவர்கள் மனதில் இருந்த காரணங்களோ பல.

கவுன்சிலுக்கு வந்த கடிதங்களை ஊரின் குரலாக எண்ணுவது

எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் வகுக்கும் உள்ளூர்த் திட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்கும்போது பதில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. ஒரு மாவட்ட மக்கள்தொகையில் 1%-க்கும் கீழே போகக்கூடும் என்று 2020-இல் அரசின் வெள்ளை அறிக்கையே சொன்னது. எழுதுபவர்கள் பெரும்பாலும் நேரமும் ஆங்கிலமும் சொந்த வீடும் உள்ளவர்கள். வாடகையில் இருப்பவரும், இரவு ஷிஃப்ட் முடித்து வருபவரும், அந்த வீடுகளில் நாளை குடிவரப்போகிறவரும் அந்தக் கடிதக் கட்டுக்குள் இல்லை. "வந்த கடிதங்களில் பத்தில் ஒன்பது எதிர்ப்பு" என்ற செய்தி, கடிதம் எழுதியவர்களைப் பற்றிய செய்தி.

நம்மவர்கள் இதில் குறைவாகவே பங்கெடுக்கிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆதரவோ எதிர்ப்போ, எழுதுங்கள். எழுதும்போது, என் வீட்டு மதிப்பு குறையும், என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். அவை கணக்கில் எடுக்கப்படுவதில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பினால், அதே வாசகங்கள் உள்ள மற்றக் கடிதங்களோடு சேர்த்து ஒரே வாதமாகத்தான் படிப்பார்கள். எந்த நிலம் என்று பெயர் சொல்லி, அங்கே பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, பக்கத்துப் பள்ளியின் நிலை என்ன, எந்த வகை வாடகையில் எத்தனை வீடு வேண்டும் என்று நீங்கள் அறிந்ததை எழுதுங்கள். இறுதி வரைவின் மேல் கருத்துக் கேட்கும் கட்டத்தில், திட்டத்தில் மாற்றம் வேண்டும் என்று குறித்த தேதிக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்கு, விசாரணை அதிகாரியின் முன்னால் நேரில் பேசும் உரிமையும் உண்டு.