கொச்சியில் சினிமா வேலை தேடிக் குடியேறுவது எப்படி? பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், முதலமடை எனப் பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் தமிழ் பேசி வளர்ந்தவர்களில் சினிமா ஆசை பிடித்தவர்கள் முன்பெல்லாம் கோடம்பாக்கத்துக்குத்தான் வண்டி ஏறினார்கள். இப்போது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொச்சியை நோக்கிப் புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். உதவி இயக்கம், கலைத்துறை, ஒளிப்பதிவு, தயாரிப்பு நிர்வாகம் ஆகியவற்றில் முதல் வேலையைத் தேடும் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நடிக்கப் போகிறவர்களுக்கும் தங்குமிடம், பணம், பாதுகாப்பு பற்றிய பகுதிகள் பொருந்தும். வாய்ப்பைத் தேடுவதற்கு முன், வாய்ப்பே வராத மாதங்களைத் தாங்கும்படி குடித்தனத்தை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அதை ஒட்டியவைதான்.

அந்நிய இடத்துக்குப் போகிறோமே என்ற கூச்சம் வேண்டாம். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில்தான் உருவானது. மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே.சி. டேனியல் பிறந்த அகஸ்தீஸ்வரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தத் தொழிலே பல காலம் சென்னையில் குடியிருந்துவிட்டு ஊர் திரும்பியதுதான்.

முதல் படி: புறப்படும் முன் எழுத்துப் பழக வேண்டும்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்த பலர் மலையாளத்தில் சரளமாகப் பேசுவார்கள். சந்தையிலும் பேருந்திலும் அது போதும். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் காலையில் கைக்கு வரும் சீன் பேப்பர் (அன்றைய காட்சியும் வசனமும் எழுதிய தாள்) மலையாள எழுத்தில் இருக்கும். சில சமயம் எழுத்தாளர் கையாலேயே அவசரமாகக் கிறுக்கித் திருத்தியிருப்பார். நடிகர் ஒருவர் அடுத்த வசனம் என்ன என்று கேட்கும்போது எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால் மறுநாள் அந்தத் தாள் வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆகவே, குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே மலையாள நாளிதழ் ஒன்றைத் தினமும் உரக்கப் படிக்கவும், பார்த்த படத்தின் ஒரு காட்சி வசனத்தைக் காதால் கேட்டுக் கையால் எழுதவும் பழகிக்கொள்ளுங்கள். வேகமாக எழுதுகிறவர்களுக்கு உதவி இயக்குநர் வேலையில் மதிப்பு உண்டு.

எந்தத் துறை என்பதையும் ஊரிலேயே முடிவு செய்துவிடுங்கள். “எந்த வேலையானாலும் செய்வேன்” என்பது பணிவாகத் தோன்றினாலும், கேட்கிறவருக்கு உங்களை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் போகும்.

புறப்படும் காலமும் கவனிக்கத்தக்கது. ஜூன், ஜூலை மாதங்களில் மழை அடித்துப் பெய்யும். வெளிப்புறப் படப்பிடிப்புகள் தடைப்படும். நமக்கு ஆடி என்றால் அவர்களுக்குக் கர்க்கடகம். அந்த மாதத்தில் புதிதாகத் தொடங்கத் தயங்குவோர் அங்கும் உண்டு. அடுத்த மாதமான சிங்ஙம் (நம் ஆவணி) பிறந்ததும் படத்துக்குப் பூஜை போட விரும்புவார்கள். எனவே ஆகஸ்ட் தொடக்கத்தில் அறை பிடித்து, ஓணத்துக்கு முன் நகரத்தைப் பழகிக்கொள்வது நல்லது என்பேன்.

இரண்டாம் படி: கையிருப்பைக் கணக்கிடுதல்

அறை அட்வான்ஸ், ஆறு மாத வாடகை, ஆறு மாதச் சாப்பாடு, பேருந்துச் செலவு, செல்பேசி ரீசார்ஜ் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். சினிமாவிலிருந்து ஒரு ரூபாயும் வராது என்று வைத்துக்கொண்டே கூட்ட வேண்டும். முதல் படத்தில் சேரும் உதவியாளருக்கு நாள்தோறும் பேட்டா (தினப்படி) கிடைக்கலாம். சம்பளம் ஷெட்யூல் (ஒரு கட்டப் படப்பிடிப்பு) முடிந்த பிறகு, சில இடங்களில் அதற்கும் வெகுநாள் கழித்து வரும். படம் பாதியில் நின்றால் அதுவும் இல்லை. கூட்டி வந்த தொகை கையில் இல்லையென்றால், பயணத்தைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

கேரள ரேஷன் அட்டை உள்ளவர்கள் மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பதால், வீட்டாரிடம் பேசி உங்கள் பங்கு அரிசியைக் கொச்சியிலேயே வாங்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். சமைக்க வழியில்லாதவர்களுக்குக் குடும்பஸ்ரீ என்ற மாநில அரசுத் திட்டத்தின் சுயஉதவிக் குழுப் பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல்கள் உண்டு. எர்ணாகுளம் நார்த் பக்கம் கொச்சி மாநகராட்சியின் ‘சம்ருத்தி’ உணவகம் 2021இல் 10 ரூபாய்ச் சாப்பாட்டோடு தொடங்கியது. விலை பிறகு ஏறினாலும் இன்றும் கைக்கு அடக்கம்தான்.

இடைக்கால வருமானத்துக்குத் திருமண வீடியோ வேலையை முதலில் சொல்வேன். கேரளத்தில் அது பெரிய தொழில்; ஒளிப்பதிவு, படத்தொகுப்பு கற்கிறவர்களுக்குக் கூலியோடு பயிற்சியும் கிடைக்கும். தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கு வசன மொழிபெயர்ப்பு, டப்பிங் பிரதி திருத்தம் போன்ற வேலைகளும் அவ்வப்போது வரும். இரண்டையும் கௌரவக் குறைவாக எண்ணுகிறவர்கள் மூன்றாம் மாதமே ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: அறை பார்த்தல்

புதியவர்கள் வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விடியற்காலை ஐந்து மணியை. படப்பிடிப்பு நாள்களில் யூனிட் (படக்குழு) வண்டி பெரும்பாலும் இருட்டோடு புறப்படும். மெட்ரோ காலை ஆறு மணிக்கு மேல்தான் ஓடத் தொடங்கும். ஆகவே ஐந்து மணி வண்டிக்கு மெட்ரோவை நம்ப முடியாது. வைற்றில, பாலாரிவட்டம், இடப்பள்ளி ஆகிய மூன்றும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியவை. வண்டி எந்தத் திசையில் போனாலும் இவற்றில் ஒன்றில் நின்று ஏறிக்கொள்ளலாம். வைற்றில மொபிலிட்டி ஹப்பிலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்தும் கிடைப்பதால் ஊர்ப்பயணத்துக்கும் அது வசதி. காக்கநாட்டில் ஐ.டி. ஊழியர்கள் நிறைந்திருப்பதால் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள். வாடகை மிகவும் இடித்தால் ஆலுவா அல்லது திருப்பூணித்துறைப் பக்கம் பாருங்கள். 2017இல் ஆலுவாவில் தொடங்கிய மெட்ரோ 2024இல் திருப்பூணித்துறை வரை வந்துவிட்டதால், படப்பிடிப்பு இல்லாத நாள்களில் ஆளைப் பார்க்கப் போவதும் வருவதும் எளிது.

மாதப் பணம் கட்டித் தங்கும் பி.ஜி. விடுதிகளில் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றில் இரவு பத்து மணிக்கு வாசற்கதவைப் பூட்டிவிடுவார்கள். இரவுப் படப்பிடிப்பு முடிந்து மூன்று மணிக்கு வருகிறவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, “எனக்கு நேரங்கெட்ட நேரத்தில் வேலை இருக்கும், வாசல் சாவி ஒன்று தருவீர்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சினிமா என்றதும் முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்கள் கொச்சியிலும் உண்டு. மறைத்துச் சேர்ந்து பிறகு மாட்டிக்கொள்வதைவிட, சொல்லிவிட்டு இன்னும் நாலு வீடு ஏறி இறங்குவதே மேல். ஏற்கெனவே சினிமாவில் இருக்கும் மூன்று, நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஓர் இடம் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. வேலைச் செய்தியும் முதலில் அங்கேதான் வந்து சேரும்.

அறைக்குள் நுழைந்ததும் மூன்றைப் பாருங்கள். சன்னலில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா? கொச்சியின் கொசுவைப் பற்றி அங்குள்ளவர்களே பாட்டுக் கட்டுவார்கள். குழாயில் வரும் நீர் குடிக்கத் தகுந்ததா, அல்லது கேன் வாங்க வேண்டுமா? துணி உலர்த்தக் கூரையுள்ள இடம் இருக்கிறதா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஒரு மணி நேரத்தில் துணி காய்ந்துவிடும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். மழைக்காலத்தில் மூன்று நாள் ஈரமாகவே கிடக்கும் ஒரே ஜீன்ஸைப் பார்த்த பிறகு வேடிக்கை போய்விடும். வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி, அட்வான்ஸ் தொகையையும் அதைத் திருப்பித் தரும் விதத்தையும் அதில் குறிப்பிடச் செய்யுங்கள்.

நான்காம் படி: ஆட்களை அணுகுதல்

இயக்குநரின் வீட்டு வாசலில் காத்திருப்பது பழைய படங்களில் வரும் காட்சி. உதவி இயக்கத்துக்கு, இயக்குநரின் முதன்மைத் துணைவரான சீஃப் அசோசியேட்டையும், மற்றவற்றுக்கு அந்தந்தத் துறைத் தலைவரையும், தயாரிப்புப் பக்கத்துக்குப் பிரொடக்‌ஷன் கன்ட்ரோலரையும் அணுக வேண்டும். யார் எந்தப் படத்தில் இருக்கிறார்கள் என்பது வெளியாகும் சுவரொட்டியின் அடியிலுள்ள சிறிய எழுத்துகளிலேயே இருக்கும். அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

அனுப்பும் வாட்ஸாப் செய்தி ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. நான் பரிந்துரைக்கும் உள்ளடக்கம் இது: “வணக்கம் சேட்டா. நான் பாலக்காடு சித்தூர்க்காரன், இப்போது வைற்றிலவில் தங்கியிருக்கிறேன். உதவி இயக்குநர் வேலை தேடுகிறேன். தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும். நான் வேலை செய்த குறும்படத்தின் இணைப்பு கீழே.” இதை மலையாளத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு முறை அனுப்பலாம். தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறவர்களின் எண் பிளாக் செய்யப்படும்.

இரண்டு மொழி என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒற்றப்பாலத்தை அடுத்த வரிக்காசேரி மனை, கொல்லங்கோடு, நெல்லியாம்பதி, எல்லை தாண்டினால் பொள்ளாச்சி எனப் படப்பிடிப்புக்குப் பேர்போன இடங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. மலையாள யூனிட் பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் ஊர்க்காரர்களிடம் பேசவும், தமிழ்க் கதாபாத்திரத்தின் வசனத்தைச் சரிபார்க்கவும் ஆள் தேவைப்படும். தமிழ் யூனிட் கேரளத்துக்குள் வந்தாலும் அப்படியே. இந்த இடங்களில் வீட்டு உரிமையாளர்கள், வாடகை வண்டிக்காரர்கள், சமையல்காரர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பவர், அனுபவம் குறைந்தவராக இருந்தாலும் அழைக்கப்படுவார். கொச்சிக்குப் போன பிறகும் ஊர்த்தொடர்பை விடக் கூடாது என்று நான் சொல்வது பாசத்துக்காக மட்டுமல்ல.

ஐந்தாம் படி: தளத்தில் முதல் நாள்

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாக நில்லுங்கள். மூத்தவர்களைச் சேட்டா, சேச்சி என்றோ, முறை தெரியாதபோது சார், மேடம் என்றோ அழைக்கலாம். கிளாப் பலகை கைக்கு வந்தால், சீன் எண், ஷாட் எண், டேக் எண் மூன்றையும் உரக்கச் சொல்லி, அடித்ததும் சட்டகத்தை விட்டுச் சத்தமில்லாமல் விலக வேண்டும். கண்டினியூட்டி (காட்சித் தொடர்ச்சி) பார்க்கச் சொன்னால், ஒவ்வொரு டேக் முடிந்ததும் சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், தேநீர்க் கோப்பையில் மீதமுள்ள அளவு ஆகியவற்றை எழுதிவையுங்கள். செல்பேசியில் படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டே எடுங்கள்; தளத்துப் படம் வெளியே கசிந்தால் சந்தேகம் முதலில் புதியவர் மேல்தான் விழும்.

ஆறாம் படி: பாதுகாப்பும் சங்கமும்

வேடம் தருகிறோம், வேலை தருகிறோம் என்று சொல்லிப் பதிவுக் கட்டணம், ஒருங்கிணைப்புக் கட்டணம் எதைக் கேட்டாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர் பணம் தருவார், கேட்கமாட்டார்.

பெண்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்க வேண்டிய உள் புகார்க் குழு, ஒவ்வொரு படத்தின் தயாரிப்பு யூனிட்டுக்கும் தேவை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியான பிறகு இதைப் பற்றிக் கேட்பது எளிதாகியிருக்கிறது. வேலையில் சேரும்போதே அந்தக் குழுவின் உறுப்பினர் யார், தொடர்பு எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள். அப்படி ஒரு குழுவே இல்லாத இடத்தில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரச் சட்டத்தில் வழியுண்டு.

தொழில்நுட்பப் பணியாளர்களின் சங்கங்கள் ஃபெப்கா என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன. துறைக்கு ஒரு சங்கம் என்பதால் சேரும் விதிகளும் கட்டணமும் மாறும். உங்கள் துறைச் சங்கத்திடம் நேரில் கேட்டறிந்து, செய்த வேலைகளுக்கான சான்றை முதல் படத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். சம்பளத் தொகையையும் தரும் தேதியையும் வாட்ஸாப் செய்தியாகவாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: வேலையில்லாத மாதங்கள்

ஒரு படம் முடிந்து அடுத்தது வரும்வரை அறையில் முடங்கிக் கிடப்பதுதான் ஆளைக் கெடுக்கும். வாரத்தில் மூன்று நாள் கூலி வேலை, இரண்டு நாள் எழுத்து அல்லது பயிற்சி என்று வகுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் மாநிலச் சலச்சித்திர அகாடமி நடத்தும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போவதைச் செலவாகக் கருத வேண்டாம். ஒரு வாரத்தில் உலகப் படங்களையும் பார்க்கலாம், தளத்தில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத மூத்தவர்களோடு தேநீர் வரிசையில் பேசவும் முடியும். பார்வையாளருக்கான டெலிகேட் பதிவு இணையத்தில் முன்கூட்டியே தொடங்கும், மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. திருவனந்தபுரத்தில் அந்த வாரம் மலிவான அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், பதிவு செய்த அன்றே நண்பர்களோடு சேர்ந்து ஓர் அறைக்கும் சொல்லிவையுங்கள்.