பழைய கச்சேரியைப் பகிரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்பாத்தி, நூரணி, கொல்லங்கோடு என்று பாலக்காட்டுப் பக்கம் எங்கே போனாலும், கச்சேரி கேட்கிறவர் ஒருவர் இருந்த வீடு என்றால் பரணில் ஒரு பெட்டி கேசட்டாவது இருக்கும். பாடகர்கள் செம்பை, கே.வி. நாராயணஸ்வாமி, எம்.டி. ராமநாதன், மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் என்று எல்லாரும் அதற்குள் இருப்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பதிவு நாலு கை மாறுவதற்குள் ராகம் மாறுகிறது, வருஷம் மாறுகிறது, சுருதி (பாடுகிறவரின் ஆதார ஒலி) அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை அளவு, ஏறுகிறது, வயலின்காரர் பெயர் காணாமல் போகிறது. காதில் விழுந்ததை விட்டுவிட்டு, கேள்விப்பட்டதையும் ஆசைப்பட்டதையும் எழுதுவதுதான் இதில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

புத்தகத்தைப் பார்த்து ராகம் எழுதுவது

கேரளத்துப் பாடலாசிரியர் இரயிம்மன் தம்பியின் ‘கருண செய்வான் எந்து தாமஸம் கிருஷ்ணா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்ரீ ராகத்தில் அமைந்த பாட்டு. ஆனால் செம்பை வைத்தியநாத பாகவதர் அதை யதுகுலகாம்போதியில் பாடி, அப்படியே ஊரெல்லாம் பரவிவிட்டது. இப்போது ஒருவர் செம்பையின் பதிவைப் பகிர்கிறார். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ‘ராகம்: ஸ்ரீ’ என்று எழுதிவிடுகிறார். அப்புறம் இப்படிப் போகும்:

“மாமா, இது ஸ்ரீ மாதிரி கேக்கலையே?”

“புஸ்தகத்துல ஸ்ரீன்னுதானே போட்டிருக்கு. செம்பை தப்பாவா பாடுவார்?”

புத்தகமும் தப்பில்லை, செம்பையும் தப்பில்லை. பதிவில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் எழுதியதுதான் தப்பு. இதற்குப் பெரிய ஞானம்கூட வேண்டாம், காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தைக் கேட்டாலே போதும். ஸ்ரீ கரகரப்ரியா குடும்பம், சற்றுக் கீழே நிற்கும் சாதாரண காந்தாரம். யதுகுலகாம்போதி ஹரிகாம்போதி குடும்பம், அதற்கு மேலே நிற்கும் அந்தர காந்தாரம். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டையையும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

திருவிதாங்கூர் மகாராஜா ஸ்வாதித் திருநாள் இயற்றிய பாட்டுகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். நிறையப் பாட்டுக்குப் பின்னால் வந்தவர்கள் மெட்டமைத்திருக்கிறார்கள். ‘பாவயாமி ரகுராமம்’ முதலில் சாவேரி. இன்று நாம் கேட்கும் ராகமாலிகை (ஒவ்வொரு பகுதியும் ஒரு ராகம்) பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் அமைத்தது. பழைய பட்டியலில் சாவேரி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ராகமாலிகைப் பதிவுக்கு மேல் அதை ஒட்டினால், கேட்கிறவர் முதல் இரண்டு நிமிஷம் தாண்டியதும் தலையைச் சொறிவார்.

பந்துவராளியா பூர்விகல்யாணியா, ஆரபியா தேவகாந்தாரியா, தர்பாரா நாயகியா என்று தடுமாறுவது சகஜம். முதல் ஜோடிக்காவது தைவதம், அதாவது ‘த’ ஸ்வரம் என்று ஒரு அடையாளம் உண்டு: பந்துவராளிக்குச் சுத்த தைவதம், பூர்விகல்யாணிக்குச் சதுஸ்ருதி. மற்ற இரண்டு ஜோடியும் பிடிகளையும் (ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோவைகள்) அசைவுகளையும் கேட்டுத்தான் பழகவேண்டும். சந்தேகமாக இருந்தால் ‘ஆரபி? தேவகாந்தாரி?’ என்று கேள்விக்குறியோடு எழுதுங்கள். ஒன்றும் குறைந்துபோகாது, தெரிந்த ஒருவர் வந்து சொல்லுவார். கேள்விக்குறி இல்லாமல் தப்பாக எழுதியதைத்தான் யாரும் திருத்துவதில்லை, அப்படியே மேலே அனுப்பிவிடுகிறார்கள். ஹிந்துஸ்தானிப் பதிவு என்றால் இன்னொரு எச்சரிக்கை: அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள், நம் தோடி அவர்களுடைய பைரவிக்குப் பக்கத்தில் வரும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே தலைப்பில் சேர்த்து ஒப்பிட உட்காராதீர்கள்.

மிருதங்கம் கேட்டாலே மணி ஐயர்

இது எங்கள் ஊருக்கே உரிய வியாதி. மிருதங்கம் கொஞ்சம் கம்பீரமாகக் கேட்டால் போதும், ‘பாலக்காடு மணி ஐயர்’ என்று போட்டுவிடுவோம். அவரிடமே கற்ற பாலக்காடு ரகு வாசித்ததுகூட இப்படிக் குரு பெயரில் போய்ச் சேர்ந்துவிடும். சிஷ்யன் வாசிப்பில் குருவின் சாயல் இருக்கத்தானே செய்யும்? யார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘மிருதங்கம்: தெரியவில்லை’ என்று எழுதுவது அந்த வித்வானுக்குச் செய்கிற மரியாதை.

அதைவிட மோசம், பக்கவாத்தியத்தையே எழுதாமல் விடுவது. பாடகர் பெயர், பாட்டு, ராகம், முடிந்தது. வயலின் வாசித்தவர் ஆலாபனையில் (பாட்டுக்கு முன் ராகத்தை விரிப்பது) பாதி வேலை செய்திருப்பார், அவர் யாரோ! பகிரும்போது பாடியவர், வயலின், மிருதங்கம், கடமோ கஞ்சிராவோ இருந்தால் அதுவும், இடம், தேதி, பாட்டு, ராகம், தாளம், பாட்டு இயற்றியவர், பதிவு எங்கிருந்து வந்தது என்று இத்தனையும் இரண்டு வரியில் அடங்கிவிடும்.

வானொலியிலிருந்து எடுத்த பதிவுகளில் இன்னொரு கூத்து. திருச்சூர் நிலையமோ கோழிக்கோடு நிலையமோ ஒலிபரப்பிய கச்சேரியில் அறிவிப்பாளர் ஆரம்பத்திலும் முடிவிலும் எல்லார் பெயரையும் சொல்லியிருப்பார். ‘பாட்டு மட்டும் போதுமே’ என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, அப்புறம் ‘வயலின் யார் என்று யாருக்காவது தெரியுமா?’ என்று கேட்பார்கள். அறிவிப்பை வெட்டாதீர்கள்.

வருஷம் எழுதுவதில் நம் ஆட்களுக்குத் துணிச்சல் ஜாஸ்தி. செம்பை 1974 அக்டோபரில் காலமானார். மணி ஐயர் 1981 மே மாதம். இதற்குப் பிந்தைய வருஷம் போட்ட ‘நேரடிக் கச்சேரி’ வந்தால், அது மறு ஒலிபரப்பின் தேதியாக இருக்கும், அல்லது யாரோ கேசட்டில் பிரதி எடுத்த நாளாக இருக்கும். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரி என்று வந்தால் சரிபார்க்க ஒரு சுலப வழி உண்டு. அங்கே ஒவ்வொரு நாளுக்கும் முக்கியப் பாட்டின் ராகம் நிர்ணயம் செய்யப்பட்டது: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. ‘இரண்டாம் நாள், தோடி’ என்று எழுதியிருந்தால் நாள் தப்பு, ராகம் தப்பு, இல்லை இடமே தப்பு.

‘சரிசெய்கிறேன்’ என்று கெடுப்பது

டேப் வேகம் மாறினால் சுருதியும் மாறும். கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகம் கூடினால் அரைக் கட்டை ஏறிவிடும். பழைய ஸ்பூலிலிருந்து (பெரிய டேப் சுருள்) கேசட், கேசட்டிலிருந்து இன்னொரு கேசட் என்று பிரதி எடுத்ததில் ஒவ்வொரு மெஷினும் தன் பங்குக்கு ஏற்றியோ இறக்கியோ வைத்திருக்கும். ஆக, சரிசெய்ய வேண்டிய பதிவுகள் உண்டு. ஆனால் எதை வைத்துச் சரிசெய்வது?

எம்.டி. ராமநாதன் கதைதான் இதற்குச் சரியான உதாரணம். மஞ்சப்பராவில் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர். ஒரு கட்டைக்கும் கீழே இறங்கிய சுருதி, அவசரமே இல்லாத விளம்ப காலம். அவரை முதன்முதலாகக் கேட்கிற ஒரு இளைஞர் ‘டேப் ஸ்லோவாக ஓடுது’ என்று முடிவு கட்டி, வேகத்தைக் கூட்டி, ‘திருத்திய பதிப்பு’ என்று அனுப்பிவைக்கிறார். எம்.டி.ஆர். யாரோ அவசரக்காரர் மாதிரி, நம்மூர் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிப் பாடுகிறார்! அந்தப் பதிப்பைக் கேட்டுவிட்டு ‘இவரைப் போய் ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்’ என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

வேகத்தைத் தொடும் முன் அறிவிப்பாளர் குரலோ, நடுவில் பாடகர் பேசுகிற பேச்சோ இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே வித்வானின் நம்பகமான வேறு பதிவுகளில் என்ன சுருதி என்று தம்பூரா ஆப்பை வைத்து ஒத்துப் பாருங்கள். பதிவில் கரண்ட் இரைச்சல் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சல் 53-இல் நின்றால் டேப் வேகமாக ஓடியிருக்கிறது. ஆனால் அந்த இரைச்சல் பின்னால் பிரதி எடுத்த மெஷினிலிருந்தும் ஏறியிருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எது எப்படியானாலும் திருத்தாத மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, திருத்தியதில் ‘வேகம் இவ்வளவு மாற்றப்பட்டது’ என்று எழுதுங்கள்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் அடுத்த வில்லன். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதையெல்லாம் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. கச்சேரியில் விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பது எது? தம்பூரா. முதலில் அது போகும். அப்புறம் கார்வையின் (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம்) வால், மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) நாதம், வயலின் வில்லின் மென்மையான உராய்வு. கடைசியில் குரல் மட்டும் தண்ணீருக்கடியிலிருந்து வருகிற மாதிரி மிஞ்சும். கொஞ்சம் ‘உஸ்’ சத்தம் இருந்தால் இருக்கட்டும். பத்து நிமிஷம் கேட்டால் காது அதை மறந்துவிடும்.

தனி ஆவர்த்தனத்தை, அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியை, வெட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! மணி ஐயர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு ‘தனி நீக்கப்பட்டது, ஃபைல் சைஸ் குறைவு’ என்று பெருமையாக எழுதி அனுப்புகிறார்கள். ஒரு காலகட்டத்தில் மைக்கே வேண்டாம், வாத்தியத்தின் நாதம் அப்படியே கேட்கவேண்டும் என்று நின்ற மனுஷர் அவர். தனி இல்லாமல் அனுப்புவதற்குப் பதில் அந்தக் கச்சேரியை அனுப்பாமலே இருக்கலாம்.

90 நிமிஷ கேசட் என்றால் ஒரு பக்கம் 45 நிமிஷம்தான். கல்யாணி ஆலாபனை உச்சத்தில் இருக்கும், டக் என்று நிற்கும், அடுத்த பக்கத்தில் நிரவல் (பாட்டின் ஒரு வரியை மாற்றி மாற்றி விரித்துப் பாடுவது) நடுவிலிருந்து தொடங்கும். இடையில் போனது போனதுதான். அந்த இரண்டு முனையையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிட்டால், கேட்கிறவர் ‘ஆலாபனையைப் பாதியில் நிறுத்திட்டாரே’ என்று பாடகரைக் குறை சொல்வார். இரண்டு விநாடி மௌனம் விட்டு, ‘இங்கே கேசட் திருப்பப்பட்டது’ என்று எழுதுங்கள். கிராமஃபோன் இசைத்தட்டுக்கும் இதே நியாயம். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். அதற்குள் அடக்கிப் பாடியதை வைத்து ‘சங்கதியே (வரியைப் பலவிதமாக மாற்றிப் பாடுவது) போடவில்லை’ என்று தீர்ப்பு எழுதக்கூடாது.

அனுப்பும் முறையும் முக்கியம். ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் போனில் வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்பினால் மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் சேர்ந்து வரும். ஆடியோ கோப்பை ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள், அது மாறாமல் போய்ச் சேரும்.

கேட்பதற்கு முன் தீர்ப்பு

ஒரு மணி நேரப் பதிவு போட்ட மூன்றாவது நிமிஷம் ‘ஆஹா, தெய்வீகம்!’ என்று பதில் வரும். கேட்காமல் புகழ்வது, கேட்காமல் திட்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள்: ‘22-ஆவது நிமிஷத்தில் வயலின் திருப்பிக் கொடுத்த பிடி’ என்றால் பத்துப் பேர் போய் அந்த இடத்தைக் கேட்பார்கள், பேச்சு அங்கிருந்து வளரும். அரைமணி நேரம் ஒப்பிட்டுப் பேசுவதானால் ஒரே ராகம், ஒரே பாட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதில் பாடியவரையும் எழுபது வயதில் பாடியவரையும் எடைபோட்டு யார் பெரியவர் என்று கேட்பதில் சண்டைதான் மிச்சம்.

யாருடைய பதிவு?

இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டு இயற்றியவருக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். தியாகராஜர், தீக்ஷிதர் பாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. 1973-இல் காலமான பாபநாசம் சிவன் பாட்டுகளுக்கு 2033 முடியும் வரை உண்டு. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தனியாக உரிமை இருக்கிறது. கடையில் இப்போதும் கிடைக்கிற ஆல்பத்தை முழுசாக அனுப்பாமல், எங்கே கிடைக்கும் என்று சொன்னால் போதும்.

சட்டத்தைத் தாண்டியும் யோசிக்க வேண்டிய இன்னொன்று, பாட்டு வகுப்புப் பதிவு. குரு தொண்டை சரியில்லாத நாளிலும் சிஷ்யனுக்காகப் பாடிக் காட்டியிருப்பார், நடுவில் இன்னொரு வித்வானைப் பற்றி உரிமையோடு ஏதாவது சொல்லியிருப்பார். அது வீட்டுக்குள் பேசிய பேச்சு. குருவோ அவர் குடும்பமோ சம்மதிக்காமல் அதை ஊருக்கு அனுப்பக்கூடாது. கல்பாத்தித் தேர்த் திருவிழாக் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களும், பாடுகிறவரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று: கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதே என்று கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல மெஷினில் ஏற்ற வாய்ப்புக் கிடைக்கும். எங்கள் ஊர் ஜூன் மழையில் நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பிடித்திருந்தால் அதை அப்படியே ஓட்டாதீர்கள்; மெஷினின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றதை ஈரம் தட்டாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிற்கவைத்து அடுக்குங்கள். அட்டையில் தாத்தா பென்சிலில் எழுதியதை அழிக்காமல் ஒரு போட்டோ எடுத்துக் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள்.