மலை ஆன்சென் (வெந்நீர் ஊற்று) விடுதிக்குப் போகிறீர்களா?

ஜப்பானின் அகிதா மாநிலத்து நியூதோ போன்ற மலை வெந்நீர் ஊற்று விடுதிகளில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் மாலை 6 மணிவாக்கிலேயே தொடங்கிவிடும். பிந்தினால் பக்கத்தில் கடை எதிர்பார்க்க முடியாது. அதனால் தசாவாகோ ஸ்டேஷனிலிருந்து மதியப் பேருந்தையே பிடித்துவிடுங்கள்.

சைவமா? அறை பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மிசோ சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும்கூட பெரும்பாலும் மீனில் எடுக்கும் தாஷி என்ற சாறு சேர்ப்பது வழக்கம். அதற்குப் பதிலாகக் கடற்பாசியிலோ காளானிலோ எடுத்த சாறு ஊற்ற முடியுமா என்று கேட்கலாம். சின்ன விடுதிகளில் கடைசி நேரத்தில் மாற்றிச் சமைப்பது கஷ்டம், பாவம்.

அப்புறம், குளிக்கும் இடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்பு போட்டு நன்றாக அலசிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்குங்கள். பால் நிறக் கந்தக நீரில் வெள்ளி கறுத்துவிடும். கொலுசு, மெட்டியை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.