டி-ஷர்ட் பிராண்ட் தொடங்கப் போறீங்களா? எந்த முறையில் தயாரிப்பது என்று முதலில் முடிவு பண்ணுங்க

சொந்த பிராண்ட் தொடங்க திருப்பூர் வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "பீஸ் என்ன ரேட்?" என்பதுதான். எத்தனை பீஸ், அதே டிசைன் மறுபடி ஓடுமா என்று தெரியாமல் யாரும் சரியான ரேட் சொல்ல முடியாது, ஏனென்றால் தயாரிக்கும் முறையே அதை வைத்துத்தான் மாறும்.

இருபது பீஸ்தான், ஒவ்வொன்றிலும் வேறு பெயர் என்றால் துணி வாங்கவே வேண்டாம். ரெடிமேட் பிளெயின் டி-ஷர்ட் வாங்கி டிடிஎஃப் பிரிண்ட் (ஃபிலிமில் அச்சிட்டு, சூட்டில் துணிமேல் ஒட்டுவது) அடித்துக்கொள்ளுங்கள். பீஸுக்குச் செலவு கூடும்தான், ஆனால் ஸ்டாக் தேங்காது.

சில நூறு பீஸ், மூன்று நான்கு கலர் என்றால் லாட் லாட்டாக, அதாவது ஒரு தொகுதி துணியை ஒன்றாகச் சாயம் போட்டு, வெட்டி, தைத்துத் தயாரிப்பதுதான் வழி. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் வருவார்கள், பணத்தை விடுவதும் இங்கேதான். சாயம் எப்போதுமே லாட் கணக்கு; ஒரே கலர் என்று சொல்லிக் கொடுத்தாலும் இரண்டு லாட் அச்சு அசலாக ஒத்துப்போவது அபூர்வம். ஒரு லாட்டில் உடம்பும் இன்னொன்றில் கையும் வெட்டினால், உள்ளே டியூப் லைட்டில் தெரியாது, வெயிலில் நன்றாகவே தெரியும். அதனால் ரோலுக்கு ரோல் லாட் நம்பர் எழுதுங்கள், கழுத்துப் பட்டைக்கான ரிப் துணியையும் அதே லாட்டில் சாயம் போடச் சொல்லுங்கள். கட்டிங்குக்கு முன்னால் துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 47 வந்தால் 6 சதவீதம் சுருங்குகிறது என்று அர்த்தம், பேட்டர்னை அதற்கேற்பத் திருத்தாமல் வெட்டாதீர்கள்.

ஒரே ஸ்டைல் ஆயிரக்கணக்கில் என்றால் லைன் போடலாம். ஷோல்டர் ஒருவர், கழுத்து ஒருவர், கை ஒருவர், ஓரம் மடிப்பது ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். ஷோல்டருக்கு 20 நொடி, கழுத்துக்கு 40 நொடி ஆகிறதென்றால் மணிக்கு 90 பீஸ்தான் வெளியே வரும், ஷோல்டர்காரர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் கழுத்துக்காரர் முன்னால் குவியத்தான் செய்யும். ஷோல்டர்காரரை விரட்டாமல் கழுத்துக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள். புது ஸ்டைல் ஏறும்போது கை பழகும்வரை வேகம் இருக்காது, அதனால் முந்நூறு பீஸுக்கு லைன் கட்டுப்படியாகாது.

மெஷினே வாங்காமல் ஜாப் ஒர்க்கில் கொடுப்பது, அதாவது நம் துணியைக் கொடுத்து வெளியே கூலிக்குச் செய்து வாங்குவது, இன்னொரு வழி. தொடங்குபவர்களுக்கு லாட் முறையும் ஜாப் ஒர்க்கும்தான் என் ஓட்டு. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு அதிகம் சுருங்காதபடி மெஷினில் முன்கூட்டியே சுருக்குவது), தையல் எல்லாமே திருப்பூரில் தனித்தனியாகக் கிடைக்கும்போது முதல் பணத்தைக் கொண்டுபோய் மெஷினில் ஏன் முடக்க வேண்டும்? துணியை எடை போட்டு டெலிவரி சலானோடு அனுப்புங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும், அல்லது அங்கிருந்தே பில் போட்டுப் போக வேண்டும். கட்டிங் வேஸ்ட் எத்தனை சதவீதம் என்பதை முதலிலேயே பேசி முடித்து, வேஸ்டையும் எடை போட்டுத் திரும்ப வாங்குங்கள். செக்கிங்கை மட்டும் தைத்தவரிடமே விட்டுவிடாதீர்கள், அதற்கு உங்கள் ஆள் ஒருவர் அங்கே உட்காரட்டும்.