யானை லத்தி பக்டீரியாவுக்கு கராம்பு எண்ணெய் வேலை செய்யுமா? புதுசாத் தொடங்குற ஆக்களுக்கு ஒரு செய்முறை

வந்தாறுமூலை கேம்பஸ்லயோ சம்மாந்துறை கேம்பஸ்லயோ ஃபைனல் இயர் புரொஜெக்ட் செய்யப்போற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இத எழுதுறன். அகார் காய்ச்சுறது, ஸ்ட்ரீக் பண்ணுறதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதுக்குள்ள நான் போகல்ல. வீட்டுக் குசினியில மட்டும் செய்து பாக்க வேணாம், லத்தியில சல்மொனெல்லாவும் இருக்கலாம், ஒழுங்கான லேப்பும் ஓட்டோகிளேவும் மேற்பார்வைக்கு ஒரு சேரோ மிஸ்ஸோ இருந்தாத்தான் இந்த வேலை.

முதல்ல கடிதம், பிறகுதான் லத்தி

யானைக்குக் கிட்டப் போகத் தேவையில்ல, கீழ கிடக்கிறதே போதும். ஆனா கல்லோயா தேசிய பூங்காவுக்குள்ள சாம்பிள் எடுக்கிறதெண்டா வனஜீவராசிகள் திணைக்களத்துட அனுமதி வேணும், வெளியில எடுத்தாலும் கேட்டுட்டு எடுக்கிறது நல்லம், அதால தலைப்பு முடிவான அண்டைக்கே கடிதத்த எழுதிப் போடுங்க. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுல பொலித்தீனும் மிச்சச் சோறும் தின்னுற யானைட லத்தியையும் காட்டுக்குள்ள மேயுற யானைட லத்தியையும் பக்கத்துல வச்சுப் பாத்தீங்கெண்டா கேள்வியே நல்ல கேள்வியாயிடும், ஏனெண்டா மனுசர்ட கழிவோட பழகுற பக்டீரியா மருந்துக்கு அடங்காத ரகமா இருக்க வாய்ப்புக் கூட.

புது லத்தியா பாத்து, மண் படாத நடுப்பகுதியக் கிண்டி ஸ்வாப்ப விட்டு எடுங்க. கெரி பிளேயர் மீடியத்துல (சாம்பிளக் கெடாமக் கொண்டு வாற ஊடகம்) போட்டு ஐஸோட ரெஜிபோம் பெட்டியில கொண்டு வாங்க, கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பைக் பெட்டிக்குள்ள சும்மா வச்சுக் கொண்டு வந்தா வேற ஏதாவதுதான் முளைக்கும். மெக்கொங்கி அகார்ல பிங்க் கொலனி, அதுல இருந்து ஈஎம்பி அகாருக்கு மாத்தினா பொன்வண்டு முதுகு மாதிரி பச்சையா மினுங்கும், அது ஈ.கோலை எண்ட குடல் பக்டீரியாவா இருக்கலாம், இண்டோல் மாதிரி டெஸ்ட்டுகளும் செய்து உறுதிப்படுத்தினா சரி.

எண்ணெய்

கடையில வாசத்துக்கு விக்கிற சின்னப் போத்தல்கள நான் நம்புறல்ல, உள்ளுக்கு வேற எண்ணெய் கலந்திருக்கா எண்டு தெரியாது. கிளெவெஞ்சர் (எண்ணெய் வடிக்கிற கண்ணாடிச் சாமான்) இருந்தா நீங்களே 3, 4 மணித்தியாலம் வடிங்க. ஒண்டு கவனம், தேசிக்காய்த் தோல் எண்ணெய் தண்ணிக்கு மேல மிதக்கும், கராம்பு எண்ணெய் தண்ணிய விடப் பாரம், கீழ போய்த்தான் சேரும். லேப்ல கிடக்கிறது பாரம் குறைஞ்ச எண்ணெய்க்கான கிளெவெஞ்சரா எண்டு பாக்காம கராம்பப் போட்டுட்டு எண்ணெய் வரல்ல வரல்ல எண்டு நிக்காதீங்க. வந்த எண்ணெய்ல நீரற்ற சோடியம் சல்பேட் கொஞ்சம் போட்டு ஈரத்த எடுத்து, பிரவுண் கண்ணாடிப் போத்தல்ல பிரிட்ஜுக்குள்ள. மறுகா, கறுவா எடுக்கிறதெண்டா இலையா பட்டையா எண்டு கட்டாயம் எழுதுங்க, இலை எண்ணெய்ல கூட இருக்கிறது யூஜினோல், பட்டையில சினமல்டிஹைட், ரெண்டும் ரெண்டு மருந்து.

பிளேட் போடுறது

முல்லர் ஹின்டன் அகார், 4 மில்லிமீற்றர் உயரம். பக்டீரியாவ சலைன்ல கலக்கி 0.5 மெக்ஃபார்லண்ட் எண்ட கலங்கல் அளவுக்குக் கொண்டு வாங்க, அதாவது ஒரு மில்லிலீற்றர்ல சுமார் 15 கோடி. கண்ணால ஒப்பிடுறத விட ஸ்பெக்ட்ரோவுல 625 நனோமீற்றர்ல 0.08க்கும் 0.13க்கும் இடையில வருதா எண்டு பாக்கிறது எனக்கு விருப்பம். கலக்கி 15 நிமிசத்துக்குள்ள பூசி முடிக்கணும். 6 மில்லிமீற்றர் டிஸ்க், அதுல 10 மைக்ரோலீற்றர் எண்ணெய், 35 டிகிரியில 16 தொடக்கம் 18 மணித்தியாலம். வேற பிளேட்ல ஜென்டமைசின் அன்டிபயோடிக் டிஸ்க், ஏடிசிசி 25922 எண்ட தரம் தெரிஞ்ச ஈ.கோலையும் பக்கத்துல ஓடணும்.

எல்லாரும் விழுற இடம் இதுதான், கொஞ்சம் நிண்டு வாசிங்க. ஒரே பிளேட்ல கராம்பு, கறுவா, தேசிக்காய், கொன்ட்ரோல் எல்லாத்தையும் சுத்திவர வைக்கிறது பாக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா இது அன்டிபயோடிக் இல்ல, ஆவியாகுற சாமான். மூடிக்குக் கீழ கராம்பு ஆவி நிரம்பினா பக்கத்து டிஸ்க்கச் சுத்தி பக்டீரியா முளைக்காத வட்டமும் பெருக்கும், சும்மா வச்ச கொன்ட்ரோலச் சுத்தியும் பக்டீரியா மெலிஞ்சு போகும், பிறகு எந்த எண்ணெய் என்ன செய்ததெண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு பிளேட்டுக்கு ஒரு எண்ணெய், சுத்திவர பராஃபில்ம், எண்ணெய் விடேக்குள்ள ஃபேன நிப்பாட்டுங்க. நம்ப ஏலாட்டி பக்டீரியா பூசின பிளேட்டக் கவிட்டு, எண்ணெய் விட்ட டிஸ்க்க அகார்ல முட்டாம மூடியில வச்சு மூடிப் பாருங்க, தொடாமலே அகார்ல பக்டீரியா இல்லாத வெளி விழுந்தா அது ஆவிட வேலை.

இன்னொண்டு, எண்ணெய் அகாருக்குள்ள லேசில இறங்காது. அதால சின்ன வட்டம் எண்டா பலமில்லாத எண்ணெய் எண்டு எழுதிப்போட ஏலா. அன்டிபயோடிக் அட்டவணையப் பாத்து கராம்புக்கு ‘சென்சிடிவ்’ எண்டு போடுறதும் பிழை, எண்ணெய்களுக்கு அப்பிடி ஒரு எல்லை வகுக்கப்படல்ல. 6 எண்டு அளந்தா அது டிஸ்க்குட அளவு, வட்டமே இல்லயெண்டு அர்த்தம்.

எம்ஐசி (பக்டீரியா வளர்றத நிப்பாட்டுற ஆகக் குறைஞ்ச செறிவு) இல்லாம முடிக்காதீங்க

96 குழி பிளேட்ல புரொத்துக்குள்ள எண்ணெய ரெண்டு மடங்காக் குறைச்சுக் குறைச்சுக் கொண்டு போங்க, கடைசியில பக்டீரியா மில்லிலீற்றருக்கு 5 லட்சம். எண்ணெய் மிதக்காம இருக்க கனபேர் எண்ணெயத் தண்ணியோட கலக்க வைக்கிற ட்வீன் 80 போடுவாங்க, ட்வீனே எண்ணெய்ட வேலையக் கூட்டும் குறைக்கும் எண்டதால எனக்கு 0.15 வீதம் அகார் கலந்த புரொத்துத்தான் பிடிக்கும், எண்ணெய் துளி துளியா தொங்கி நிக்கும். எதப் போட்டாலும் எண்ணெய் இல்லாம அது மட்டும் போட்ட குழி ஒண்டு வேணும். அடுத்த நாள் ரெசசூரின் சாயம் விட்டு கொஞ்ச மணித்தியாலம் பொறுங்க, நீலம் பிங்கா மாறினா பக்டீரியா உயிரோட இருக்கு, நீலமாவே நிக்கிற ஆகக் குறைஞ்ச செறிவுதான் எம்ஐசி. இங்கயும் ஆவி பக்கத்துக் குழிக்குப் பாயும், மேல சீல் ஒட்டுங்க, கொன்ட்ரோல தூரத்துல வைங்க.

ஈ.கோலைக்குப் பெரிசா ஒண்டும் நடக்கல்ல எண்டு பயப்பட வேணாம், அது கிராம் நெகட்டிவ் ரகம், அந்த ரகத்துக்கு வெளியால ஒரு சவ்வு கூட இருக்கு, எண்ணெய் உள்ள போக அது லேசில விடாது. அந்த வெளிச் சவ்வு இல்லாத ஸ்டஃபிலோகொக்கஸ் ஒண்டையும் சேத்து ஓடினா வித்தியாசம் தெரியும்.

பிறகு சேத்தது: தேசிக்காய் எண்ணெய் வச்ச பிளாஸ்டிக் குழாய் வெள்ளையாகி ஒட்டுது எண்டு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. அது பொலிஸ்டைரீன் குழாய், தேசிக்காய் எண்ணெய்ல இருக்கிற லிமோனீன் அதக் கரைக்கும், ரெஜிபோமையும் அப்பிடித்தான் தின்னும். ஸ்டொக் எல்லாம் கண்ணாடியில வைங்க. 96 குழியும் பொலிஸ்டைரீன்தான், அதால அதுக்குள்ள தனி எண்ணெய விடாம, கண்ணாடியில கலக்கிட்டு விடுங்க. முடிஞ்ச பிளேட்டெல்லாம் 121 டிகிரியில ஓட்டோகிளேவுக்குப் போகணும், வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் போடாதீங்க, திங்கள் வரைக்கும் அந்த மணம் போகாது, லேப் அண்ணன்ட ஏச்சும் நிக்காது.